மக்களின் பெயரில் ஒரு மீன்: கேரளக் கிணறுகளும் டிரெஸ்டன் ஆய்வகமும்

ஜெர்மனியின் கிழக்கே, எல்பே ஆற்றங்கரையில் அமைந்துள்ள டிரெஸ்டன் நகரத்தை உலகம் அறிந்திருப்பது அதன் அரண்மனைகளுக்காகவும், 1945 பிப்ரவரியில் அதன்மீது பொழிந்த குண்டுகளுக்காகவும்தான். கேரளத்தில் ஒரு வீட்டுக் கிணற்றின் அடியில் வாழும் மீனுக்கும் அந்த நகரத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று யாரும் எளிதில் எண்ணிவிட மாட்டார்கள். ஆனால், அந்நகரத்தின் இயற்கை வரலாற்று நிறுவனம் வெளியிட்டுவரும் முதுகெலும்பி விலங்குகளுக்கான ஆய்விதழில், 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு புதிய மீன் இனம் அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் 'ஹோராகிளானிஸ் பாப்புலி'.

'பாப்புலி' என்பது 'மக்களின்' என்று பொருள்படும் இலத்தீன் சொல். புதிய உயிரினங்களுக்கு அறிவியலாளர்கள், மன்னர்கள், புரவலர்கள், ஊர்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டுவது நெடுநாள் வழக்கம். ஆனால் இந்த மீன், தங்கள் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் கண்டதை ஆய்வாளர்களிடம் எடுத்துச் சொன்ன சாதாரண மக்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நான்கு சென்டிமீட்டர் நீளத்தை எட்டுவதே அரிதான இந்தக் குருட்டு மீன், அறிவியல் உலகுக்கு வெளியேயும் கவனிக்கப்பட வேண்டியதாக இருக்கிறது. நிலத்துக்கு அடியில் இருக்கும் நீர் யாருக்குச் சொந்தம், அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளை அது எழுப்புகிறது.

ஒளியில்லாத உலகின் உயிரினம்

ஹோராகிளானிஸ் என்ற பேரினம் கெளுத்தி மீன்களின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. கெளுத்திகளுக்கே உரிய மீசை போன்ற உணர்விழைகள் இதற்கும் உண்டு. ஆனால் குளத்திலும் வயலிலும் நாம் காணும் கெளுத்தியைப் போன்ற கருமையோ பருமனோ இதற்கு இல்லை. உடல் மெலிந்து, நீண்டு, புழுவைப் போலத் தோன்றும். கண்கள் இல்லை. தோலில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் குருதியின் நிறம் வெளியே தெரிந்து, மீன் முழுவதும் இளஞ்சிவப்பாகக் காணப்படும்.

கண்ணும் நிறமும் இல்லாதது ஒரு குறைபாடு அன்று. ஒளி புகாத இடத்தில் பார்வையால் பயன் இல்லை. நிறத்தைக் காட்டி இணையை ஈர்க்கவோ, எதிரியிடமிருந்து மறையவோ தேவையும் இல்லை. உணவு மிகவும் அரிதான சூழலில், பயன்படாத உறுப்பைப் பேணுவது உடலுக்கு வீண் செலவு. தலைமுறை தலைமுறையாக அந்த உறுப்புகள் சுருங்கி மறைந்துவிடுகின்றன. உலகின் பல பகுதிகளில் குகைகளில் வாழும் மீன்களிடமும் இதே மாற்றங்கள் தனித்தனியே நிகழ்ந்துள்ளன.

நிலத்துக்கு அடியில் வாழும் மீன் இனங்களாக உலகம் முழுவதிலும் இதுவரை அறியப்பட்டவை முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை குகைகளில் வாழ்பவை. மனிதர் நுழையக்கூடிய குகைகளில் அல்லாமல், நீர் ஊறிய பாறைகளின் இடுக்குகளில், அதாவது 'நீர்த்தாங்கி' எனப்படும் நிலத்தடி அடுக்குகளில் வாழ்பவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹோராகிளானிஸ் அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்தது. குகைக்குள் விளக்குடன் சென்று ஆய்வு செய்யலாம். நீர்த்தாங்கிக்குள் மனிதர் நுழைய வழியே இல்லை. அங்கே வாழும் மீனை நாம் காண்பது, அது தற்செயலாகக் கிணற்றுக்குள் வந்துவிடும்போது மட்டுமே.

செம்புராங்கல்லுக்குள் ஒரு நீர்நிலை

இந்த மீனின் வாழிடத்தைப் புரிந்துகொள்ளக் கேரளத்தின் நிலத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கடற்கரைக்கும் இடையே உள்ள மேட்டுநிலத்தின் பெரும்பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே இருப்பது செம்புராங்கல். மலையாளத்தில் இதை வெட்டுக்கல் என்பார்கள். வெட்டும்போது மென்மையாக இருக்கும். வெளிக்காற்று பட்டதும் இறுகிவிடும். கேரளத்தின் பழைய வீடுகளும் கோயில் மதில்களும் பல இந்தக் கல்லால் கட்டப்பட்டவை.

இந்தக் கல்லுக்கு 'லேட்டரைட்' என்ற அறிவியல் பெயரைத் தந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரான பிரான்சிஸ் புக்கானன். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த அவர், திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் சென்னையிலிருந்து மைசூர், கன்னடக் கரை, மலபார் வழியாகப் பயணம் செய்தார். இன்றைய மலப்புறம் மாவட்டத்தில் உள்ள அங்காடிப்புறத்தில் அவர் கண்ட கல்லைப் பற்றிய குறிப்பு 1807இல் வெளியான அவருடைய பயண நூலில் இடம்பெற்றது. செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அவர் அந்தப் பெயரை உருவாக்கினார்.

இதே புக்கானன், பின்னாளில் ஹாமில்டன் என்ற குடும்பப் பெயரையும் ஏற்று, கங்கை ஆற்று மீன்களைப் பற்றி 1822இல் ஒரு நூலை வெளியிட்டார். வரிக்குதிரை மீன் என்று இன்று அழைக்கப்படும் சிறிய மீனை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது அந்த நூல்தான். இன்று டிரெஸ்டனின் உயிரியல் ஆய்வகங்களில் நரம்பு மண்டலம் பற்றியும், சிதைந்த உறுப்புகள் மீண்டும் வளர்வது பற்றியும் அறிய வளர்க்கப்படுவது அந்த மீனே.

செம்புராங்கல் உருவாவது வெயிலும் மழையும் மாறி மாறி வரும் வெப்பமண்டலத்தில்தான். பல இலட்சம் ஆண்டுகளாக மழைநீர் பாறையில் இறங்கி, கரையக்கூடிய பொருள்களை அடித்துச் செல்கிறது. இரும்பும் அலுமினியமும் மிகுந்த எச்சம் தங்கிவிடுகிறது. அதனால் கல்லுக்குள் துளைகளும் சிறு குழாய்களும் உருவாகின்றன. பருவமழையின்போது நீர் இவற்றின் வழியே விரைந்து இறங்கும். கோடையில் மெதுவாக வடியும். இந்தத் துளைகளிலும் இடுக்குகளிலும் தேங்கி நகரும் நீர்தான் ஹோராகிளானிஸின் உலகம்.

அந்த உலகத்துக்கான சாளரங்கள் கிணறுகள். உலகிலேயே திறந்த கிணறுகள் மிக நெருக்கமாக உள்ள பகுதிகளில் கேரளமும் ஒன்று. கடற்கரைப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு 200, இடைநிலத்தில் 150, மலைப்பகுதியில் 70 கிணறுகள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு வளவிலும் ஒரு கிணறு. வேறு எங்கும் இத்தனை சாளரங்கள் இருந்திருந்தால், அங்கும் இத்தகைய மீன்கள் கண்ணில் பட்டிருக்கலாம்.

ஒன்றிலிருந்து நான்கு வரை

ஹோராகிளானிஸ் பேரினம் முதன்முதலில் விவரிக்கப்பட்டது 1950இல். கேரளம் என்ற மாநிலம் அப்போது உருவாகவில்லை. திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில் இருந்த பகுதியில், கோட்டயத்தின் கிணறுகளில் கிடைத்த மீன்களை இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஏ.ஜி.கே. மேனன் ஆராய்ந்தார். அத்துறையின் தலைவராக இருந்த புகழ்பெற்ற மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோராவின் பெயரால் பேரினத்துக்கு ஹோராகிளானிஸ் என்று பெயரிட்டார். அந்த முதல் இனம் ஹோராகிளானிஸ் கிருஷ்ணாய்.

அடுத்த இனம் அறிவிக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 2004இல் ஹோராகிளானிஸ் அலிகுன்ஹீ என்ற இரண்டாவது இனமும், 2012இல் திருச்சூர் மாவட்டத்திலிருந்து மூன்றாவது இனமும் விவரிக்கப்பட்டன. மூன்றாவது இனத்தின் பெயர் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது: ஹோராகிளானிஸ் அப்துல்கலாமி. இராமேசுவரத்தில் பிறந்து, இந்தியாவின் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாமைச் சிறப்பிக்கும் வகையில் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. ஏவுகணைகளோடும் வானத்தோடும் சேர்த்துப் பேசப்பட்ட ஒருவரின் பெயர், மண்ணுக்கு அடியில் வாழும் கண்ணில்லாத மீனுக்கும் உரியதாயிற்று.

நான்காவது இனமே 2023இல் அறிவிக்கப்பட்ட ஹோராகிளானிஸ் பாப்புலி. கொச்சியில் உள்ள கேரள மீன்வள, கடல்சார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவன், அவருடைய சகாக்கள், ஷிவ் நாடார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீலேஷ் தஹானுகர், டிரெஸ்டனின் சென்கன்பெர்க் இயற்கை வரலாற்றுத் தொகுப்புகளைச் சேர்ந்த ரால்ஃப் பிரிட்ஸ் ஆகியோர் இந்த ஆய்வைக் கூட்டாக நடத்தினர்.

அவர்களுக்கு இருந்த பெரும் சிக்கல், இந்தப் பேரினத்தின் மீன்கள் அனைத்தும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதுதான். வெளியே வேறுபாடு தெரியாத மீன்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, அவற்றுக்கிடையே ஆழமான வேறுபாடுகள் வெளிப்பட்டன. நெடுங்காலமாக ஒன்றோடொன்று கலவாமல் பிரிந்து வாழ்ந்தவை அவை. சூழல் மாறாததால் வடிவம் மாறவில்லை. தொடர்பு அற்றுப்போனதால் மரபணுக்கள் விலகிச் சென்றன. ஒரு கூட்டத்தைத் தவிர மற்ற அனைத்தும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள கேரளப் பகுதியில் மட்டுமே வாழ்கின்றன.

இந்த உண்மைக்கு ஒரு நடைமுறைப் பொருள் உண்டு. ஒரே மீன் பரவலாக வாழ்கிறது என்று எண்ணினால், ஓரிடத்தில் அது அழிந்தாலும் வேறிடத்தில் இருக்கும் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் இருப்பது தனி வரலாறு கொண்ட கூட்டம் என்றால், அங்கே அழிவது மீண்டும் எங்கிருந்தும் வராது.

கிணற்றுக்குச் சொந்தக்காரர்களே ஆய்வாளர்கள்

இத்தகைய மீனைத் தேடிச் சென்று பிடிப்பது எளிதன்று. எந்தக் கிணற்றில், எந்த நாளில் அது தென்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வாளர் ஒருவர் ஆண்டு முழுவதும் ஒரு கிணற்றருகே காத்திருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம். ஆனால் அந்தக் கிணற்றில் நாள்தோறும் நீர் இறைப்பவர், ஆண்டுக்கு ஒருமுறை கிணற்றை இறைத்துத் தூர் வாருபவர், மொட்டைமாடித் தொட்டியைக் கழுவுபவர் ஆகியோர் எப்போதும் அங்கேயே இருக்கிறார்கள்.

எனவே ஆய்வுக் குழுவினர் மக்களை நாடினர். ஆறு ஆண்டுகள் நடந்த இந்த முயற்சியில், ஊர்களில் கூட்டங்கள் நடத்தி நிலத்தடி மீன்களைப் பற்றி விளக்கினர். கண்டால் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புமாறு கேட்டுக்கொண்டனர். கிணறுகளிலும் வீட்டுக் குளங்களிலும் நீர்த்தொட்டிகளிலும் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. அதற்கு முன்னர் இந்தப் பேரினம் 12 இடங்களிலிருந்து மட்டுமே பதிவாகியிருந்தது. இந்த முயற்சியால் மேலும் 47 இடங்கள் சேர்ந்தன. 65 புதிய மரபணு வரிசைகள் கிடைத்தன.

இதை 'குடிமக்கள் அறிவியல்' என்று அழைக்கிறார்கள். பறவைகளைக் கணக்கெடுப்பது, வண்ணத்துப்பூச்சிகளைப் பதிவு செய்வது என்று பல நாடுகளில் இது பழகிப்போன முறை. ஆனால் கேரளத்தில் நடந்ததற்கு ஒரு தனித்தன்மை உண்டு. பறவையை யாரும் காணலாம். கிணற்று மீனைக் காண வீட்டு வளவுக்குள் நுழைய வேண்டும். வீட்டுக்காரரின் அனுமதியும் நம்பிக்கையும் வேண்டும். 'எங்கள் கிணற்றில் புழு போன்ற ஏதோ ஒன்று இருக்கிறது' என்று சொல்வது, குடிநீர் கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொள்வது போலத் தோன்றக்கூடிய சமூகத்தில், அவர்கள் அதைச் சொல்ல முன்வந்தார்கள். மீனுக்கு மக்களின் பெயர் வைக்கப்பட்டதன் நியாயம் அதுதான்.

இதற்கு முன்னரும் கேரள நிலத்தடி நீர் வியப்புகளைத் தந்துள்ளது. 2018 ஆகஸ்ட் மாதத்துப் பெருவெள்ளத்துக்குப் பின்னர், மலப்புறம் மாவட்டத்தில் ஒரு வயலில் தென்பட்ட விநோதமான விரால் வகை மீனின் படம் சமூக ஊடகத்தில் பகிரப்பட்டது. அது அறிவியல் அதுவரை அறியாத ஒரு பேரினம் என்று தெரியவந்து, 2019இல் 'ஏனிக்மாசன்னா கோலம்' என்று பெயரிடப்பட்டது. அடுத்த ஆண்டே அதற்கெனத் தனிக் குடும்பமே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அதே 2019இல், கோழிக்கோட்டில் சுமார் ஆறு மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணற்றிலிருந்து முதுகுத் துடுப்பே இல்லாத ஒரு சிறு மீன் விவரிக்கப்பட்டது. பார்ப்பதற்கு ஓமப்பொடி போல இருந்ததால், அதையொத்த வட இந்தியத் தின்பண்டத்தின் பெயரால் 'பாஞ்சியோ புஜியா' என்று அழைக்கப்பட்டது. இந்த இரண்டு கண்டுபிடிப்புகளிலும் பிரிட்ஸும் ராகவனும் இணைந்து பணியாற்றினர்.

ஜெர்மனிக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. ஐரோப்பாவில் குகை மீன்களே இல்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டுவந்தது. 2015இல் தென் ஜெர்மனியின் ஆக் ஊற்றுக் குகைக்குள் மூழ்கிச் சென்ற ஒருவர் வெளிறிய மீன் ஒன்றைக் கண்டார். அது ஐரோப்பாவின் முதல் குகை மீன் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. அங்கும் முதலில் கண்டவர் ஆய்வகத்தில் இருந்தவர் அல்லர்.

பெயரிடும் அதிகாரம்

இங்கு ஓர் அரசியல் கேள்வி எழுவது இயல்பு. கேரளத்து மீன் ஒன்று ஏன் ஜெர்மனியின் ஓர் இதழில் அறிவிக்கப்பட வேண்டும்?

டிரெஸ்டனின் இயற்கைத் தொகுப்பு, சாக்சனி நாட்டு ஆட்சியாளர்கள் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கலை, விநோதப் பொருள் சேகரிப்பிலிருந்து வளர்ந்தது. 1849ஆம் ஆண்டு எழுச்சியின்போது ஏற்பட்ட தீயில் அதன் விலங்கியல் பகுதியில் பெரும்பங்கு அழிந்தது. மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. அது வளர்ந்த காலம், ஐரோப்பிய நாடுகள் உலகெங்கும் சென்று பொருள்களைத் திரட்டிய காலம். இந்திய மீன்களின் முதல் மாதிரிகளில் பல இலண்டன், லெய்டன், பெர்லின் போன்ற நகரங்களுக்குச் சென்றன. எனவே இந்திய ஆய்வாளர் ஒருவர் தம் ஊர் ஆற்று மீனை உறுதியாக அடையாளம் காண, ஐரோப்பிய அலமாரி ஒன்றில் உள்ள கண்ணாடிக் குடுவையை நாட வேண்டியிருந்தது.

நிலைமை இன்று மாறியுள்ளது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி, புதிய இனம் எதையும் கண்டறிந்தால் அதன் மாதிரிகளை அரசு குறிப்பிடும் களஞ்சியங்களில் ஒப்படைக்க வேண்டும். உயிரினங்களால் விளையும் பயனை அவை வாழும் நாட்டோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2010இல் ஏற்கப்பட்ட நகோயா ஒப்பந்தம் கூறுகிறது. அது 2014இல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஆய்விலும் தலைமை தாங்கியது கொச்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரே. டிரெஸ்டன் இதை வெளியிட்ட ஆய்விதழையும் யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். கோட்டயத்தில் கிணறு வைத்திருப்பவர், தம் மீனைப் பற்றி எழுதப்பட்டதை இணையத்தில் பார்க்க முடியும்.

ஆயினும், ஆழமான ஒப்பீட்டு உடற்கூற்றியல் அறிவும், நூற்றாண்டுகளின் தொகுப்புகளும் இன்னும் ஐரோப்பாவில்தான் பெருமளவு குவிந்துள்ளன. 2024இல் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்று. மியன்மாரின் ஓடைகளில் வாழும், 12 மில்லிமீட்டர் நீளமே உள்ள டேனியோனெல்லா செரிப்ரம் என்ற மீன், மிக அருகிலிருந்து அளந்தால் 140 டெசிபெல்லுக்கும் மேலான ஒலியை எழுப்புகிறது என்று அது காட்டியது. அந்த ஆய்விலும் டிரெஸ்டனின் பிரிட்ஸ் பங்கேற்றார். சிறிய மீன்களைக் கூர்ந்து பார்ப்பதற்கென ஒரு வாழ்நாளை ஒதுக்கும் வசதியை ஒரு சமூகம் தன் அறிஞர்களுக்குத் தருகிறதா என்பதே, மாதிரிகள் எங்கே உள்ளன என்பதைவிடப் பெரிய கேள்வி.

மண்ணுக்கு அடியில் யாருடைய நீர்?

பெயரில் மக்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. சட்டத்தில் என்ன நிலை?

உலகில் நிலத்திலிருந்து வெளியெடுக்கப்படும் நீரில் ஏறக்குறைய கால் பங்கை இந்தியா எடுக்கிறது. வேறெந்த நாடும் இந்த அளவுக்கு எடுப்பதில்லை. ஆனால் அந்த நீரின் உரிமை பற்றிய சட்டச் சிந்தனைக்கு அடித்தளமாக இருப்பது, 1882இல் பிரிட்டிஷ் ஆட்சி இயற்றிய வசதியுரிமைச் சட்டம். தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நீரைத் திரட்டிப் பயன்படுத்தும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்று அது கூறுகிறது. நிலம் யாருடையதோ, நீரும் அவருடையது. நிலம் இல்லாதவருக்கு நீரும் இல்லை.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. சரளை மண் தோண்டும் உரிமை தொடர்பான வழக்கில், நிலத்தடி நீர் நில உடைமையின் ஒரு பகுதி அன்று, அது பொதுச் சட்டத்தின் ஆளுகைக்கு உட்பட்டது என்று அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது. தன் நிலத்தில் தோண்டினாலும், நீர்மட்டத்தைத் தொடும்போது பொது அனுமதி தேவை.

இந்தியாவில் இந்தக் கருத்து எழாமல் இல்லை. பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில், ஒரு குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதற்கு எதிராக ஆதிவாசி மக்கள் நடத்திய போராட்டம் நீதிமன்றம் சென்றது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003 டிசம்பரில் கூறினார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. கேரளம் 2002இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. தமிழ்நாடு 2003இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது.

இந்தச் சட்ட விவாதத்தில் மீனுக்கு இடமில்லை. ஆனால் அந்த விவாதத்தின் பிழையை மீன் காட்டிவிடுகிறது. ஹோராகிளானிஸுக்கு வேலி தெரியாது. ஒருவர் நிலத்துக்கு அடியில் உள்ள நீரும், பக்கத்து நிலத்துக்கு அடியில் உள்ள நீரும் அதற்கு ஒன்றே. ஒரு கிணற்றில் கண்ட மீன் அந்தக் கிணற்றுக்காரரின் மீன் அன்று. அப்படியென்றால், அது வாழும் நீர் மட்டும் எவ்வாறு அவருடையதாக இருக்க முடியும்?

மூடப்படும் சாளரங்கள்

இந்த மீன்களை எதிர்நோக்கும் அபாயங்கள் நாடகத்தனமானவை அல்ல. அன்றாட வாழ்வின் சிறு முடிவுகளால் ஆனவை. குழாய் நீர் இணைப்பு வந்ததும் பழைய கிணற்றில் குப்பையைக் கொட்டி மூடுகிறார்கள். திறந்த கிணற்றுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார்கள். கட்டுமானத்துக்காகச் செம்புராங்கல் மேடுகளைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்கிறார்கள். கல்லை வெட்டும்போது நீர் தங்கும் இடமே இல்லாமல் போகிறது. கழிவுநீர்க் குழியிலிருந்தும் தோட்டத்து இரசாயனங்களிலிருந்தும் ஊறுவது அதே துளைகளின் வழியே இறங்குகிறது.

இவற்றுள் ஒன்று மட்டும் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாதது. 2018 வெள்ளத்துக்குப் பின்னர் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. வெள்ளநீர் புகுந்த கிணறுகளில் குளோரின் தூள் இடப்பட்டது. மனித உயிர்களைக் காக்க அது தேவையானது. அதே குளோரின் மீனின் செவுள்களுக்கு நஞ்சு. மீனுக்காக மனிதர் நோயுறட்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கிணறு மாசுபடாமல் முன்கூட்டியே காப்பது, கழிவுக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி அமைப்பது, கிணற்றுக்கு உயர்ந்த சுற்றுச்சுவர் கட்டுவது போன்றவை மனிதருக்கும் மீனுக்கும் ஒருங்கே பயன் தருபவை. மீன் வாழத் தகாத நீரைப் பிறகு மருந்திட்டுக் குடிப்பதைவிட, மீன் வாழக்கூடிய நீரைக் குடிப்பதே நலம்.

நமது கிணறுகள்

புலம்பெயர்ந்து வாழும் தமிழரில் பலருக்குக் கிணறு என்பது நினைவில் மட்டும் இருக்கும் ஒன்று. குறிப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய மழைநீரே அங்கு வாழ்வின் ஆதாரம். துலாவில் நீர் இறைத்துப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பாய்ச்சிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று கிணற்றுக்குள் சிறு மீன்களை விட்டதும், மீன் துள்ளித் திரிவதைப் பார்த்து நீர் நல்லதென்று அறிந்ததும் அந்தத் தலைமுறையின் பட்டறிவு.

அந்தப் பாறையும் துளைகள் நிறைந்ததே. ஓரிடத்தில் கொட்டியது வேறிடத்தில் ஊறும். 2010களில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, ஒரு வளவின் எல்லைக்குள் எந்தக் கிணறும் அடங்கியிருக்கவில்லை என்பதைக் குடாநாட்டு மக்கள் கசப்போடு உணர்ந்தார்கள். உரமும் கழிவுக் குழிகளும் நைட்ரேட் அளவை உயர்த்துவது அங்கு நெடுநாளைய கவலை. கேரளத்தின் செம்புராங்கல்லும் யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல்லும் வெவ்வேறு. அவற்றின் பாடம் ஒன்றே.

அறிவியல் உலகுக்குத் தெரியாமல் எண்ணற்ற ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மீன், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர்களால் பெயர் பெற்றது. எட்டிப் பார்ப்பதற்குக் கிணறுகள் இருந்ததும், அவற்றில் வாளி விடும் வழக்கம் இருந்ததும், கண்டதைச் சொல்ல மக்கள் முன்வந்ததும், கேட்க ஆய்வாளர்கள் இருந்ததும் அதற்குக் காரணம். இவற்றில் எது அறுந்துபோனாலும் அடுத்த மீனைப் பற்றிய செய்தி வராது. அது இல்லாததால் வராமல் போகிறதா, பார்ப்பவர் இல்லாததால் வராமல் போகிறதா என்பதும் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

ஊருக்குத் திரும்பும் விடுமுறைக் காலத்தில், மூடிக் கிடக்கும் பழைய கிணற்றை மண்ணிட்டு நிரப்பலாமா என்று வீட்டில் பேச்சு எழக்கூடும். அதற்குப் பதில் சொல்லும் முன்னர், ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பது நல்லது.